கொடுவரி

புலிக்குத் தமிழில் உள்ள பழைய பெயர்களில் ஒன்று கொடுவரி. கொடு என்றால் வளைந்த. வளைந்த வரி, அவ்வளவுதான். பல்லையோ நகத்தையோ உறுமலையோ விட்டுவிட்டு, தோல்மேல் ஓடும் கோட்டையே விலங்கின் பெயராக வைத்திருக்கிறார்கள். உழுவை, வேங்கை, வல்லியம் என்று வேறு பெயர்களும் உண்டு. எனக்குப் பிடித்தது இதுதான்.

"புலிக்கு ஏன் வரி இருக்கு?" என்று ஒரு குழந்தை கேட்டால், தமிழில் நாம் திருப்பிக் கேட்கலாம்: எதுக்குன்னு கேக்குறியா, எதனாலன்னு கேக்குறியா? இரண்டும் ஒன்றில்லை. எதற்கு என்பது பயனைக் கேட்கிறது. எதனால் என்பது செய்முறையைக் கேட்கிறது. மழை எதனால் பெய்கிறது என்றால் பாடம் நடத்துவோம், மழை எதற்குப் பெய்கிறது என்றால் சிரிப்போம். புலி விஷயத்தில் மட்டும் அறிவியல் நெடுங்காலம் 'எதற்கு' என்பதையே சுற்றிச் சுற்றி வந்தது. 'எதனால்' என்பதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தவர் ஒரு உயிரியலாளரே இல்லை. அவருடைய அம்மா பிறந்தது நம் போத்தனூரில். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

வேடிக்கை என்னவென்றால், நாட்டுப்புறக் கதைகள் 'எதனால்' என்றுதான் கேட்டன. வியட்நாமில் ஒரு கதை. மனிதனுடைய அறிவைக் காட்டச் சொல்லி ஒரு புலி விவசாயியிடம் வருகிறது. வீட்டில் வைத்திருக்கிறேன், எடுத்து வரும்வரை என் எருமையை நீ தின்னாமலிருக்க உன்னைக் கட்டிப்போடவா என்கிறான் அவன். புலி சம்மதிக்கிறது. மரத்தோடு கட்டி, வைக்கோலைக் குவித்துக் கொளுத்துகிறான். கயிறு எரிந்து புலி தப்பித்துவிடுகிறது, ஆனால் கயிறு சுற்றியிருந்த இடமெல்லாம் கருப்புத் தழும்பு. அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்த எருமை கல்லில் மோதி மேல்பல்லை இழந்ததாம். 1895ல் வெளிவந்த இரண்டாவது ஜங்கிள் புக்கில் கிப்ளிங்கும் ஒரு கதை சொல்கிறார். காட்டின் முதல் கொலையைச் செய்த புலியின்மேல் மரங்களும் கொடிகளும் போட்ட அடையாளம்தான் வரி என்று. இரண்டு கதையிலும் வரி ஒரு தண்டனை. இரண்டிலும் வெளியிலிருந்து ஏதோ ஒன்று வந்து கோடு போடுகிறது.

சங்கக் கவிகள் இந்த வழிக்கே போகவில்லை. அவர்களுக்குக் கண்ணின் ஏமாற்றம்தான் முக்கியம். வேங்கை மரத்தின் மஞ்சள் பூ கரிய பாறைமேல் உதிர்ந்து கிடந்தால் புலிக்குட்டி படுத்திருப்பதுபோல் தெரியும் என்று குறுந்தொகையில் வருகிறது. பூத்த வேங்கையைப் புலி என்று நினைத்து யானை குத்தும். பூப் பறிக்கும் பெண்கள் "புலி புலி" என்று கூச்சலிடுவார்கள். இதை உவமை என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருக்கிறோம். கொஞ்சம் திருப்பிப் பார்த்தால் இது கூர்மையான ஒரு கவனிப்பு. செடியும் நிழலும் புலியாகத் தெரிகிறது என்றால், புலி செடியும் நிழலுமாகத் தெரியும்.

இந்தத் திருப்பத்தைத்தான் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1867ல் எழுதினார். மூங்கில் தண்டுகள் நேராக நிற்கின்றன, புலியின் வரிகளும் அப்படியே மேலிருந்து கீழாக ஓடுகின்றன, அதனால் இரைக்குப் புலி தெரிவதில்லை. டார்வினுக்கு இது திருப்தி தரவில்லை. 1871ல் வந்த மனிதனின் வழித்தோன்றல் புத்தகத்தில் வாலஸின் கருத்தை எடுத்துச் சொல்லிவிட்டு, தனக்கு ஒப்பவில்லை என்கிறார். இணை தேடலில் அழகுக்கு ஒரு பங்கு இருக்கலாம் என்று அவருக்குச் சந்தேகம். வரிக்குதிரையையும் இழுக்கிறார். திறந்த புல்வெளியில் வரி எதை மறைக்கும்? நியாயமான கேள்வி. (அதற்கான பதில் இப்போது ஈப் பக்கம் சாய்ந்திருக்கிறது. டிம் காரோவின் குழு சாதாரணக் குதிரைகளுக்கு வரிப் போர்வை போர்த்தி, குதிரை ஈக்கள் குறைவாக உட்கார்வதை 2019ல் காட்டியது.)

புலியைப் பொறுத்தவரை வாலஸ்தான் பெரும்பாலும் ஜெயித்திருக்கிறார். 1987ல் ஒரு ஆய்வில், புலியின் வரிகளையும் அதன் பின்னணியையும் ஃபூரியே முறையில் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு படத்தில் எவ்வளவு அகலக் கோடு, எவ்வளவு மெல்லிய கோடு என்று கணக்கெடுப்பது அது. புலியின் கணக்கும் காட்டின் கணக்கும் பொருந்தின. வரிக்குதிரையின் கணக்கு அதன் பின்னணியோடு பொருந்தவில்லை. சரி, ஆரஞ்சு நிறம்? நம் கண்ணுக்குத்தான் அது ஆரஞ்சு. மானுக்கு நம்மைப்போல் மூன்று வகை நிறமுணர் கூம்புகள் கிடையாது, இரண்டுதான். அதற்கு ஆரஞ்சும் பச்சையும் ஏறக்குறைய ஒன்று. பாலூட்டிகளால் பச்சை நிறமியை உண்டாக்க முடியாது, உண்டாக்கவும் தேவையில்லை. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 2019ல் இதை நிரல் எழுதிச் சோதித்தார்கள். மான் பார்வைக்கு மாற்றிய படத்தில் புலி கிட்டத்தட்டக் காணாமல் போகிறது.

ஆனால் இதிலும் ஒரு ஓட்டை. அதே காட்டில், அதே மானைத் தின்று வாழும் சிறுத்தைக்குப் புள்ளி இருக்கிறது. மறைவதுதான் தேவை என்றால் புள்ளியே போதுமே? பூனைக் குடும்பத்தில் உடல் முழுக்க இப்படி நெட்டு வரி ஓடுவது புலிக்கு மட்டும்தான். இங்கே 'எதற்கு' திணறுகிறது.

*

போத்தனூர் சந்திப்பில் ரயில் மாறியவர்கள் நிறையப் பேர் இருப்போம். 1881ல் அங்கே எதெல் சாரா ஸ்டோனி பிறந்தார். அப்பா எட்வர்ட் வாலர் ஸ்டோனி மெட்ராஸ் ரயில்வேயின் பொறியாளர். துங்கபத்திரை மேல் பாலம் கட்டியவர், சத்தம் போடாத பங்கா சக்கரம் ஒன்றுக்குக் காப்புரிமையும் வாங்கியவர். எதெலின் கணவர் ஜூலியஸ் டூரிங் சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. மூத்த மகன் ஜான் 1908ல் குன்னூரில் பிறந்தார். இரண்டாவது மகனைக் கருவுற்றபோது அவர்கள் இருந்தது சத்ரபூரில். இன்று ஒடிசா, அன்று நம் மாகாணம். பிரசவத்துக்கு லண்டன் போனார்கள். 1912 ஜூன் 23 அன்று ஆலன் டூரிங் அங்கே பிறந்தார். அப்பா அம்மா இங்கே திரும்பி வர, பிள்ளைகள் இங்கிலாந்தில் ஒரு தம்பதியிடம் வளர்ந்தார்கள். நம் ஊர்ச் சம்பளத்தில் வளர்ந்த பிள்ளை, இந்தப் பக்கம் வராமலே.

டூரிங் என்றால் என்னைப்போலக் கணினி படித்தவர்களுக்கு டூரிங் மெஷின். சினிமா பார்த்தவர்களுக்கு ஜெர்மானியரின் ரகசியக் குறியீட்டை உடைத்தவர். கடைசி வருடங்களில் அவரைப் பிடித்துக்கொண்டது வேறு கேள்வி. கரு தொடக்கத்தில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது. அதில் இங்கே ஒன்று, அங்கே வேறொன்று என்று வேறுபாடு எப்படி வருகிறது? 1952ல் ராயல் சொசைட்டியின் இதழில் அவர் வெளியிட்ட கட்டுரையின் பெயர் 'உருவாக்கத்தின் வேதியியல் அடிப்படை'. அதே வருடம்தான் தன்பாலின உறவுக்காக அவரைக் கைது செய்து, தண்டித்து, ஹார்மோன் ஊசி போட்டார்கள். 1954 ஜூன் 7 அன்று இறந்தார். 41 வயது.

கட்டுரை சொல்லும் விஷயம் முதலில் நம்பும்படி இருக்காது. வாளித் தண்ணீரில் ஒரு சொட்டு நீலம் விட்டால் பரவி ஒரே சீராகிவிடும். பரவல் என்றாலே வேறுபாட்டை அழிப்பது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். டூரிங் காட்டியது: இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்து, வேறு வேறு வேகத்தில் பரவினால், அதே பரவல் சீரை உடைத்துக் கோலம் போடும்.

இதைச் சமன்பாடு இல்லாமல் விளக்க எனக்கு எங்கள் ஊரை விட்டால் வழியில்லை.

குயிலாப்பாளையம் ஆரோவில்லை ஒட்டிய ஊர். செம்மண் மேடு. மண்ணியல்காரர்கள் கடலூர் மணற்கல் என்பார்கள். மேட்டிலிருந்து கடல் பக்கம் சரியும் இடங்களில் மழை அரித்த செம்மண் ஓடைகள், ஆள் உயரத்துக்கு மேலே சுவர் நிற்கும். இப்போது போட்டோ ஷூட் இடம். "அப்பல்லாம் ஒரு மழ அடிச்சா கடலே செவப்பாயிடும்" என்று எங்கள் தெருப் பெரியவர்கள் சொல்வார்கள். இந்தக் கரையின் இயல்பான காடு என்றும் இலை உதிராத உலர்காடு. அது வெட்டுப்பட்டு, மேய்ச்சலில் மொட்டையாகி, மண்ணைப் பிடிக்க வேர் இல்லாமல் போனதன் மிச்சம்தான் அந்த ஓடைகள். 1968க்குப் பிறகு ஆரோவில்காரர்களும் சுற்றுவட்டார ஊர்க்காரர்களும் வரப்பு கட்டி, மரம் நட்டு, பெரும்பகுதியைத் திரும்பப் பச்சையாக்கினார்கள். புலி திரும்பவில்லை. பக்கத்தில் கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் இருக்கிறது, தெற்கே புலிக்கால் முனிவர் வழிபட்ட சிதம்பரத்துக்குப் பெரும்பற்றப்புலியூர் என்றே பெயர். புலி பெயரில் தங்கிவிட்டது. வடக்கே திண்டிவனம் திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு. அங்கே புளி மட்டும்தான்.

ஓடைக்கு வருகிறேன். சமமான செம்மண் சரிவு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கோ ஒரு இடத்தில் கால் விரல் அளவு பள்ளம். மழை பெய்தால் அங்கே கொஞ்சம் அதிகத் தண்ணீர் சேரும். அதிகத் தண்ணீர் அதிகம் தோண்டும். தோண்டத் தோண்ட இன்னும் தண்ணீர் வரும். பள்ளம் தன்னைத்தானே வளர்க்கிறது. ஆனால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? அக்கம்பக்கத்திலிருந்து. ஆகவே பக்கத்தில் இன்னொரு பள்ளம் உருவாக முடியாது, அதற்கு வரவேண்டியதை முதல் பள்ளம் இழுத்துவிட்டது. கொஞ்சம் தள்ளிப் போனால் இதன் இழுவை எட்டாது. அங்கே அடுத்த பள்ளம் பிறக்கும். பள்ளம், மேடு, பள்ளம், மேடு. யாரும் அளந்து போடவில்லை.

பக்கத்தில் வளர்ப்பு, தூரத்தில் தடுப்பு. டூரிங்கின் கணக்கு மண்ணைப் பற்றியது அல்ல, வேதிப்பொருள் பற்றியது. ஆனால் தர்க்கம் இதுதான். ஒரு பொருள் தன்னைத்தானே பெருக்குகிறது, கூடவே தனக்கு எதிரியையும் உண்டாக்குகிறது. எதிரி வேகமாகப் பரவி, சுற்றுப்புறத்தில் முதல் பொருளை அமுக்குகிறது. தூண்டி, தடுப்பி என்று இவற்றை 1972ல் ஜெர்மனியில் கீரரும் மைன்ஹார்ட்டும் தெளிவாகப் பிரித்தார்கள். தூண்டி மிகுந்த இடத்தில் கருப்பு, தடுப்பி அமுக்கிய இடத்தில் மஞ்சள் என்று வைத்துக்கொண்டால் புலி ஓரளவு வந்துவிடுகிறது.

இதை நான் பைத்தானில் ஐம்பது வரிக்குள் எழுதிப் பார்த்தேன். (நிரலிலும் வரிதான்.) திரையில் முதலில் வெறும் இரைச்சல். கொஞ்ச நேரத்தில் அது புள்ளியாகத் திரள்கிறது. ஒரே ஒரு எண்ணை, மூன்றாவது தசமத்தில், மாற்றினால் புள்ளிகள் நீண்டு ஒன்றோடொன்று ஒட்டி வரியாகின்றன. சிறுத்தையையும் புலியையும் பிரிக்க மிகப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை போலிருக்கிறது. அதே காட்டில் ஒன்றுக்குப் புள்ளி, இன்னொன்றுக்கு வரி ஏன் என்ற கேள்வி, தூண்டில்காரனுக்கு ஏன் இந்த மீன் மாட்டியது என்ற கேள்விக்குக் கிட்டே வருகிறது. மாட்டிய பிறகு அது பயன்படலாம். டூரிங் தன் கட்டுரையில் இருந்த புள்ளிக் கோலத்தைக் கையால் கணக்குப் போட்டு வரைந்தார். அவரே இந்த மாதிரியை உண்மையின் எளிமைப்படுத்தல் என்றுதான் சொல்லி வைத்தார்.

நிரலில் இன்னொன்றும் தெரிந்தது. தொடக்க இரைச்சலை மாற்றினால், எல்லா எண்களும் அப்படியே இருந்தும், வேறு கோலம் வருகிறது. அகலம் அதே, இடைவெளி அதே, ஆனால் எந்தக் கோடு எங்கே பிரிகிறது, எங்கே முடிகிறது என்பது ஒவ்வொரு முறையும் புதிது. அதனால்தான் இரண்டு புலிக்கு ஒரே வரி கிடையாது. ஒரு புலியின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட ஒன்றில்லை.

*

இந்தத் தற்செயல்தான் இந்தியப் புலிகளை எண்ண உதவியது. முன்பு கால்தடத்தை வரைந்து எண்ணினோம். அந்த முறையில் 2001-02ல் நாட்டில் 3,642 புலிகள். 2005ல் சரிஸ்காவில் ஒரு புலிகூட மிச்சமில்லை என்று தெரிந்தபோது, ஏட்டில் இருந்த புலிகள் எங்கே என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நாகரஹொளேயில் உல்லாஸ் காரந்த் இதற்கு முன்பே வேறு வழி காட்டியிருந்தார். பாதையின் இரண்டு பக்கமும் கேமரா. புலி கடந்தால் இரண்டு விலாவும் படமாகும். வரியை ஒப்பிட்டு, ஏற்கனவே பார்த்த புலியா புதுப் புலியா என்று பிரித்து, அதிலிருந்து மொத்தத்தை மதிப்பிடுவது. அவருடைய ஆய்வு 1995ல் வந்தது. 2006ல் நாடு முழுக்க இந்த அடிப்படையில் கணக்கெடுத்தபோது கிடைத்த எண் 1,411. முந்தைய எண்ணில் பாதிகூட இல்லை. 2022 கணக்கில் அது 3,682 ஆகியிருக்கிறது, தமிழ்நாட்டில் மட்டும் 306.

எண்ணுவது ஒரு பக்கம். 2021 செப்டம்பர், அக்டோபரில் கூடலூர், மசினகுடி பக்கம் நான்கு பேரைக் கொன்றதாகத் தேடப்பட்ட டி23 ஞாபகமிருக்கும். சுட்டுப் பிடிக்க உத்தரவு, நீதிமன்றத்தில் வழக்கு, உடனே கொல்ல வேண்டாம் என்ற அறிவுரை, மூன்று வாரத் தேடல். அந்தக் காட்டில் ஒரு புலியா இருக்கிறது? கேமராவில் விழுவது எந்தப் புலி என்று வரியை வைத்துத்தான் சொல்ல வேண்டும். தவறினால் வேறொரு புலி செத்திருக்கும், தேடியது வெளியே திரிந்திருக்கும். அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள்.

*

டூரிங்கின் தூண்டியும் தடுப்பியும் எவை? அவர் பெயர் சொல்லவில்லை, சொல்லும் வசதி அன்று இல்லை. பதில் புலியிலிருந்து வரவில்லை, தெருப் பூனையிலிருந்து வந்தது. அமெரிக்காவில் கிரெக் பார்ஷின் குழு, தெருப் பூனைகளுக்குக் கருத்தடை செய்யும் மருத்துவமனைகளில் அகற்றப்பட்ட கருக்களை ஆராய்ந்தது. முடி முளைப்பதற்கு முன்பே, நிறம் வருவதற்கு வெகு முன்பே, கருவின் தோலில் கோலம் போட்டாகிவிட்டது. டிகேகே4 என்ற மரபணு எங்கே கூடுதலாக வேலை செய்கிறதோ அங்கே பின்னாளில் கரும்பட்டை. அந்த மரபணு உண்டாக்குவது ஒரு தடுப்புப் புரதம், டூரிங் வகைக் கணக்கில் வந்து உட்காரக்கூடியது. 2021ல் இது வெளியானது.

அதே குழு 2012ல் இன்னொரு மரபணுவைக் கண்டிருந்தது. டாக்பெப். இது கெட்டால் பூனையின் மெல்லிய வரிகள் குழம்பி அகலச் சுழிகளாகும். சிவிங்கிப் புலியின் புள்ளிகள் இதனால்தான் ஒட்டிக்கொண்டு பட்டையாகின்றன, அரச சிவிங்கி என்பார்கள். புலியில் கெட்டால்?

அதற்கு ஒடிசாவின் சிமிலிபாலுக்குப் போக வேண்டும். 1993ல் அந்தப் பக்கத்தில் ஒரு இளைஞர் தற்காப்புக்காக அம்பெய்து கொன்ற புலியின் தோலில் கருப்பு வழக்கத்தைவிட மிக அதிகம். பிறகு கேமராக்களிலும் அப்படிப் புலிகள் விழுந்தன. கருப்புப் புலி என்கிறோம், உண்மையில் வரி அகலமாகி ஒன்றோடொன்று கலந்து மஞ்சளை விழுங்கிய புலி. பெங்களூர் என்.சி.பி.எஸ். நிறுவனத்தில் உமா ராமகிருஷ்ணனும் வினய் சாகரும் 2021ல் காரணத்தைச் சொன்னார்கள்: டாக்பெப்பில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்தால்தான் கருப்பு. சிமிலிபாலுக்கு வெளியே அவர்கள் சோதித்த எந்தக் காட்டுப் புலியிலும் அது கிடைக்கவில்லை. ஒடிசா அரசின் 2023-24 கணக்கில் சிமிலிபாலில் வளர்ந்த புலிகள் 27. அதில் 13 கருப்பு.

கருப்பாக இருப்பது அங்கே வேட்டைக்கு உதவுகிறதா? தேவையே இல்லை. மற்ற புலிக்காடுகளோடு தொடர்பு அறுந்து, சில புலிகளிலிருந்தே ஒரு கூட்டம் பெருகினால், அபூர்வமான எழுத்து தற்செயலாகவே பரவிவிடும். உறவுக்குள்ளேயே இணை தேடினால் இரண்டு பிரதிகள் சேர்வதும் சுலபம். 'எதற்கு' என்று கேட்டால் இங்கே பதில் இல்லை. 'எதனால்' என்று கேட்டால் வழித்தடங்கள் அழிந்ததுதான் பதில்.

உயிரியல் பூங்காக்களிலும் இந்தக் கருப்பு உண்டு. நந்தன்கானனிலும், ராஞ்சியிலும், நம் வண்டலூரிலும். எங்கள் ஊரிலிருந்து வண்டலூருக்கு இரண்டரை மணி நேரம். அவற்றின் வம்சத்தையும் பின்னோக்கிப் பார்த்தால் சிமிலிபாலுக்கே போகிறது. 2024 ஜனவரியில் ஒடிசா அரசு கருப்புப் புலி சஃபாரி ஒன்றை அறிவித்தது. எனக்கு ரீவாவின் மோகன்தான் நினைவுக்கு வந்தது. 1951ல் பிடிபட்ட வெள்ளைப் புலி. வெள்ளைக் குட்டி வேண்டும் என்று அதைத் தன் மகள் ராதாவோடே சேர்த்தார்கள். உலகப் பூங்காக்களின் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை அந்த வழிதான், உடல் குறைகளோடும். நாம் ரசிப்பது எதை என்று பூங்காப் பலகையில் எழுதினால் தேவலை.

சிமிலிபாலில் வேறொன்றும் நடந்திருக்கிறது, இதை நான் மகிழ்ச்சியாகவே எழுதுகிறேன். 2024 அக்டோபரில் மகாராஷ்டிராவின் தடோபாவிலிருந்து ஜமுனா என்ற பெண் புலியைக் கொண்டுவந்தார்கள், நவம்பரில் ஜீனத்தை. புது ரத்தம் சேர்ப்பதுதான் திட்டம். ஜீனத்துக்குப் புது வீடு பிடிக்கவில்லை. காட்டைத் தாண்டி ஜார்க்கண்ட், அங்கிருந்து மேற்கு வங்கத்தின் புருலியா, பாங்குரா என்று நடந்துகொண்டே இருந்தது. டிசம்பர் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஜமுனாவுக்கோ ஜீனத்துக்கோ அங்கே குட்டி பிறந்தால், தகப்பன் எவ்வளவு கருப்பாக இருந்தாலும், குட்டி மஞ்சளும் வரியுமாகத்தான் இருக்கும். மாறிய எழுத்து ஒரு பிரதியாக உள்ளே இருக்கும், வெளியே தெரியாது.